கொழுந்து பறிக்கும் கையும் இரண்டு பழைய கமராக்களும்

மலைநாட்டுக்குப் படம் எடுக்கப் போகிறவருக்குக் கடைக்காரர் முதல் கலியாண வீட்டுப் படப்பிடிப்பாளர் வரை சொல்லும் புத்தி ஒன்றுதான்: மலையையும் பள்ளத்தாக்கையும் எடுக்கப் பெரிய சென்சர் உள்ள பாரமான கமராவைத் தூக்கிப் போ, ஆட்களை எடுக்கக் கைக்கடக்கமான சின்னது போதும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாவலப்பிட்டியில் ஏறத் தொடங்கி ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று நுவரெலியாவுக்குப் போகும் பாதையில் அந்தப் புத்தி தலைகீழாகத்தான் பொருந்துகிறது என்பது என் கட்சி. மலைக்குச் சின்னது போதும்; பெரிய சென்சர் தேவைப்படுவது அங்கே வேலை செய்கிற ஆட்களுக்கு. இதைச் சோதிக்க இரண்டு பழைய கமராக்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 2008 ஜூலையில் வந்த நிக்கோன் டி700. மற்றது 2012 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஒலிம்பஸ் ஓஎம்-டி இ-எம்5. ஏன் பழையவை என்றால், இலங்கையில் புதியதைப் பற்றிப் பேசுவது பலருக்கு வெறும் பேச்சு. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு, 200 ரூபாயளவில் நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 360 ரூபாய்க்குப் போனது. அதற்குப் பிறகு கமரா வாங்க நினைக்கிற இளைஞர் முதலில் பார்ப்பது கைமாறி வந்த பழைய உடல்களைத்தான்.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். டி700 உள்ளே கண்ணாடி புரளும் வகை. பழைய 35 மி.மீ. பிலிம் அளவுக்கே சென்சர், 12 மெகாபிக்சல். இ-எம்5 கண்ணாடி இல்லாத வகை; அதன் சென்சர் 17.3க்கு 13 மி.மீ., 16 மெகாபிக்சல். பரப்பளவில் முதலாவது இரண்டாவதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. எடை வேறுபாடும் சின்னதல்ல. டி700 உடல் பற்றரியோடு ஒரு கிலோவைத் தாண்டும். அதற்கென்றே பலரும் சிபாரிசு செய்யும் 24-70 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் இன்னொரு 900 கிராம். இ-எம்5 பற்றரியும் அட்டையும் சேர்த்து 425 கிராம், அதே வேலைக்குரிய 12-40 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 382 கிராம். ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று இந்த மலைக்கு முக்கியம். தூசியும் தூறலும் புகாதபடி மூட்டுகளில் ரப்பர் அடைப்பு வைத்துக் கட்டிய உடல்கள் இவை. விலை இறங்கி வந்த பழைய கமராக்களில் இப்படி இரண்டு அமைவது அரிது. ஆகவே ஒப்பிடுவதில் தவறில்லை. எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதுதான் கேள்வி.

முதலில் மலை. ரயில் பாதை நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்தது, ஹட்டனுக்கு 1884இல், நானுஓயாவுக்கு அடுத்த ஆண்டு. கோப்பியை இறக்கப் போட்ட திட்டம், பாதை மேலே போய்ச் சேருவதற்குள் தேயிலையை இறக்கும் பாதையாகிவிட்டது. 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்த்திருந்தது. இன்று அந்தப் பாதையில் ரயில் பெட்டியின் கதவோரம் நின்று எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலானவை ஒரே அமைப்புத்தான்: முன்னால் எட்டித் தொடுகிற தூரத்தில் தேயிலைச் செடி, அதன் பின்னால் அடுக்கடுக்காக மலை, கடைசியில் மூட்டம். முன்செடியும் பின்மலையும் ஒருசேரத் தெளிவாக விழ வேண்டும் என்பதே இதன் கணக்கு. இ-எம்5இல் 12 மி.மீ. கோணத்தில் எஃப்/5.6 வைத்து 1.7 மீட்டரில் குவித்தால், 90 சென்ரிமீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு கிடைக்கும். அதே கோணத்தை டி700இல் எடுக்க 24 மி.மீ. வேண்டும், அதே தெளிவு கிடைக்கத் திறப்பை எஃப்/11 வரை மூட வேண்டும். இரண்டு படி வெளிச்சம் அதிலேயே போய்விடுகிறது. மூட்டம் இறங்கிய பின்னேரத்தில் சின்னது ஐஎஸ்ஓ 200இல் எடுப்பதைப் பெரியது 800இல் எடுக்கும். நான்கு மடங்கு சென்சர் வாங்கிக் கொடுத்த இலாபத்தை மூடிய திறப்பு அப்படியே திருப்பி வாங்கிக்கொள்கிறது. முக்காலி போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகும், காற்று இல்லாவிட்டால். கிரேட் வெஸ்டர்ன் மலைச்சரிவில் காற்றடிக்கும்போது முன்செடியின் துளிர் நிற்காமல் ஆடும். முக்காலி கமராவைத்தான் பிடித்து வைக்கும்.

பெரிய சென்சர் ஒளி-நிழல் வீச்சை அதிகம் பிடிக்கும் என்பது அடுத்த நம்பிக்கை. பொதுவிதியாக அது சரி. இந்த இரண்டு கமராவுக்கும் இடையில் சரியில்லை. நான்கு ஆண்டு பிந்திப் பிறந்த சென்சர் இடைவெளியை அடைத்துவிட்டது. சென்சர்களைச் சோதித்து மதிப்பிடும் டிஎக்ஸ்ஓமார்க் தளத்தின் அளவீட்டில் டி700இன் வீச்சு 12.2 படி, இ-எம்5இன் வீச்சு 12.3 படி. எண்ணிக்கையில் சின்னதுக்கு நான்கு மெகாபிக்சல் கூட. இன்னும் நுணுக்கமான ஆட்சேபம் ஒன்று உண்டு: டி700 தன் மூலக்கோப்பை 14 பிட்டில் எழுதும், இ-எம்5 12 பிட்டில்தான். பனிமூட்டத்தில் வெண்மை சாம்பலாக மெல்ல மெல்ல மாறும் இடத்தில் 12 பிட் படி படியாக உடைந்து கோடு போடாதா? மூலக்கோப்பில் போடாது. ஒளியே கொண்டுவரும் இயல்பான புள்ளிச்சத்தம் அந்தப் படிகளை மறைத்துவிடும். கோடு விழுவது பெரும்பாலும் 8 பிட் ஜேபெக் கோப்பைக் கணினியில் போட்டு இழுத்து முறுக்கும்போதுதான். அது இரண்டு கமராவின் படங்களுக்கும் நேரும். மூட்டத்தில் உண்மையில் படம் கெடுவது வேறு காரணத்தால். ஒளிமானி வெள்ளைத் திரையைக் கண்டு ஏமாந்து எல்லாவற்றையும் மங்கல் சாம்பலாக்கிவிடும்; முக்கால் படியோ ஒரு படியோ கூட்டிக் கொடுக்க வேண்டும். இ-எம்5இன் மின்திரைக் கண்ணில் அந்தத் தவறு சொடுக்கும் முன்னரே தெரிகிறது. டி700இன் கண்ணாடிக் கண்ணில் மலை அழகாகத்தான் தெரியும், படம் மட்டும் அழுக்காக வரும்.

மழையையும் சரிவையும் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மேயிலிருந்து செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். உடல் அடைபட்டிருந்தாலும் லென்ஸும் அடைபட்டதாக இருந்தால்தான் பயன். இ-எம்5ஓடு பெட்டியிலேயே வந்த 12-50 மி.மீ. லென்ஸ் அப்படிப்பட்டது. தலவாக்கலைக்கு முன்னால் 80 மீட்டர் விழும் சென் கிளயர் அருவியைப் பட்டுப்போல் எடுக்க அரை விநாடி வேண்டும். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பிறகு அதில் தண்ணீரும் குறைந்துவிட்டது. மெலிந்த நீரைப் பட்டாகக் காட்டுவது உண்மைக்கு எவ்வளவு நியாயம் என்பது வேறு கதை. எப்படியானாலும், சென்சரையே ஐந்து அச்சில் அசைத்து நடுக்கம் தணிக்கும் இ-எம்5இல் வீதியோரத் தூணில் சாய்ந்தபடி கையிலேயே அதை எடுத்துவிடலாம். டி700இன் உடலில் அந்த வசதி இல்லை. இவ்வளவும் சேர்ந்தால் மலை, மூட்டம், அருவி, மழை நான்கிலும் சின்ன கமராவே முந்துகிறது. நிலக்காட்சிக்கென்று இரண்டு கிலோ சுமப்பவர் தோள்வலியைத் தவிர அதிகமாக எதையும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

இனி ஆட்கள். இதற்கு ரயில் பாதையை விட்டு ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக பொகவந்தலாவைக்குத் திரும்ப வேண்டும். அங்கே சென் மேரி தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கமரூன் அடக்கமாகியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய உருவப்படக் கலைஞர்களில் ஒருவர். 48 வயதில் கமராவைத் தொட்டவர். 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரூன், கோல்புறூக்குடன் சேர்ந்து 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு அடிப்படையான அறிக்கையைத் தந்தவர். இராசகாரியம் ஒழிந்து கூலி உழைப்புக்குக் கதவு திறந்தது அந்தச் சீர்திருத்தங்களோடுதான். பிறகு அந்தக் கணவரே இதே மலையில் கோப்பித் தோட்டம் வாங்கினார். அந்த அம்மையார் இங்கே எடுத்தவற்றில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. 15க்கு 12 அங்குலக் கண்ணாடித் தட்டில் ஈரப்பசை பூசி, அது காயும் முன் எடுத்து, காயும் முன் கழுவ வேண்டும். ஒளிபடும் நேரம் விநாடிக் கணக்கைத் தாண்டி நிமிடத்துக்கும் போகும். அதனால் அவருடைய இலங்கைப் படங்களில் இருப்பவர்கள் நிற்கிறார்கள், சாய்கிறார்கள், எங்கோ பார்க்கிறார்கள். வேலை செய்வதில்லை. பெரும்பாலானவர்களுக்குப் பெயரும் இல்லை. பெயர் எழுதாதது அந்தக் காலத்தின் குற்றம். அசைவு இல்லாதது அந்தத் தட்டின் குணம். அசையாதவரை மட்டுமே பிடிக்கத் தெரிந்த கருவிக்கு முன்னால் தொழிலாளி தொழிலை நிறுத்திவிட்டுத்தான் நிற்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வந்த அஞ்சலட்டைகளைப் பாருங்கள். 1890இல் தொடங்கிய பிளாட்டே கம்பனி முதலான கொழும்புப் படக்கடைகள் விற்ற தேயிலைப் படங்களில் கூடையோடு வரிசையாக நிற்கும் பெண்கள் கமராவைப் பார்த்தபடி நிற்கிறார்கள். தட்டு போய்ப் பிலிம் வந்தது, பிலிம் போய்ச் சென்சர் வந்தது. அந்த நிற்றல் மட்டும் போகவில்லை. நுவரெலியா வீதியோரத்தில் இன்றும் சில பெண்கள், மலையில் இப்போது அதிகம் காணாத மூங்கில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, பயணிகளுக்காகச் சிரித்து நின்று காசு வாங்குகிறார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நிற்பதும் உழைப்புத்தான், அதற்கு உடனே கூலி கிடைக்கிறது. ஆனால் சற்று மேலே, உண்மையில் கொழுந்து எடுக்கும் மலையில், தலையில் தொங்குவது பெரும்பாலும் உரச் சாக்கு. இடுப்பைச் சுற்றிப் படங்கு. இரண்டு கையும் செடி மட்டத்துக்கு மேல் தனித்தனியாக ஓடும்: பெருவிரலும் சுட்டுவிரலும் துளிரையும் இரண்டு இலையையும் கிள்ளும், மற்ற விரல்கள் கிள்ளியதை உள்ளங்கையில் சேர்க்கும், பிடி நிறைந்ததும் கை தோளுக்கு மேலால் சாக்குக்குள் வீசும். கண் அடுத்த செடியில் இருக்கும். நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழும் என்பதால் அந்தக் கைக்கு நிற்க நேரமில்லை. ஒரு கொழுந்துக்காரியின் திறமை முழுவதும் அந்த வேகத்தில் இருக்கிறது. அவரை நிறுத்தி எடுத்த படத்தில் முகமும் சேலையும் மலையும் இருக்கலாம். அவருக்குத் தெரிந்த தொழில் இருக்காது.

அந்தக் கையைப் பிடிப்பது பகல் வெளிச்சத்தில் எந்தக் கமராவுக்கும் பெரிய காரியமில்லை. சிக்கல் தொடங்குவது வேலை தொடங்கும், முடியும் இடங்களில். விடிந்தும் விடியாத நேரத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களம், பின்னேரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம், ஒரு பல்ப் எரியும் லயக் காம்பரா, இரவோடு இரவாக ஓடும் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலை. இலை பல மணி நேரம் வாட வேண்டும், அரைபட்ட இலை சூடேறக் கூடாது என்பதால் அரைப்பு வேலை குளிர்ந்த இரவிலும் அதிகாலையிலும் நடப்பது வழக்கம். எஃப்/2.8 திறப்பில் ஐஎஸ்ஓ 100க்கு எட்டில் ஒரு விநாடி கேட்கும் வெளிச்சம் அங்கே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீசும் கை விநாடிக்கு ஒரு மீட்டர் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நடுக்கம் தணிக்கும் பொறியைக் கொண்டு எட்டில் ஒரு விநாடியை இ-எம்5 கையிலேயே எடுத்துவிடும். சுவரும் யந்திரத்தின் நிற்கும் பாகமும் கூர்மையாக விழும், ஆள் மட்டும் புகையாகிவிடுவார். அந்தப் பொறி எடுப்பவரின் நடுக்கத்தைத்தான் தணிக்கும். எதிரில் இருப்பவரின் அசைவோடு அதற்குச் சம்பந்தமில்லை. அசைவை நிறுத்த ஐஎஸ்ஓவைத்தான் ஏற்ற வேண்டும். டிஎக்ஸ்ஓமார்க்கின் குறைவெளிச்ச மதிப்பு டி700க்கு 2303, இ-எம்5க்கு 826. அதாவது ஐஎஸ்ஓ 3200இல் டி700 தரும் தூய்மையை இ-எம்5 1150 அளவில்தான் தர முடியும். முன்னதில் 1/250 விநாடி கிடைக்கும், பின்னதில் 1/90. முன்னதில் கை நான்கு மில்லிமீட்டர் நகரும், பின்னதில் பதினொன்று. நான்கில் விரல் விரலாகத் தெரியும். பதினொன்றில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்.

முன்னே நிலக்காட்சியில் பெரிய சென்சரின் இலாபத்தைத் திறப்பை மூடியே கழித்துவிட்டாயே, இங்கே மட்டும் அதே கழிவு ஏன் இல்லை என்று கவனமான வாசகர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. பதில் தூரத்தில் இருக்கிறது. செடியிலிருந்து மலை வரை தெளிவு வேண்டியதில்லை. முகமும் கையும் தராசும் தெளிந்தால் போதும். டி700இல் 35 மி.மீ. எஃப்/2.8 வைத்து இரண்டு மீட்டரில் குவித்தால் முன்னும் பின்னுமாக 55 சென்ரிமீட்டர் தெளிவாக இருக்கும். ஓர் ஆளின் முகத்துக்கும் நீட்டிய கைக்கும் அது கணக்காகப் பொருந்துகிறது. இ-எம்5இல் அதே கோணத்துக்கு 17 மி.மீ. வைத்தால் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் தெளிவு, பாதி வீண். அப்படியானால் அந்த வீணைச் செலவழித்து 17 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் போடலாமே என்பது அடுத்த ஆட்சேபம். போடலாம். 1/90 அப்போது 1/220 ஆகிவிடும், வித்தியாசம் அநேகமாக மறைந்துவிடும். இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்குப் பாதி வழக்கு வெற்றி என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டி700ஐ எஃப்/1.8க்குத் திறந்து மறுபடி முந்தலாம் என்று சொல்வதும் சாமர்த்தியமே தவிர பதில் ஆகாது. 50 மி.மீ. எஃப்/1.8இல் அதே இரண்டு மீட்டரில் தெளிவு 17 சென்ரிமீட்டராகச் சுருங்கும். முகம் தெளிந்தால் கை போய்விடும்.

மீதிப் பாதி வழக்கு குவியத்தில் இருக்கிறது. இ-எம்5 நிற்கும் பொருளை மின்னலாகக் குவிக்கும். ஆனால் அது முரண்ஒளியைத் தேடிக் குவிக்கும் முறை: லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து எங்கே கூர்மை கூடுகிறது என்று கண்டு நிற்கும். மங்கலில், அதுவும் ஆள் நெருங்கி வந்துகொண்டிருக்கும்போது, ஓட்டிப் பார்க்க அவகாசமில்லை. தேடித் தேடித் தவறவிடும். டி700இல் 51 புள்ளிகள் கொண்ட தனிக் குவியச் சென்சர் இருக்கிறது. பொருள் முன்னால் விலகியிருக்கிறதா பின்னாலா என்று ஒரே பார்வையில் கணக்கிட்டு நேரே அங்கே போகும், அசைந்தால் பின்தொடரும். சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு மடுவத்துக்குள் நடந்து வருகிறவரை, தராசில் கொழுந்தைக் கொட்டும் கையை, அரைபட்ட இலையைத் தள்ளிக்கொண்டு திரும்பும் ஸ்டோர்க்காரரை எடுக்க இதுதான் தீர்மானிக்கிறது. கண்ணாடிக் கண்ணில் தாமதமும் இல்லை. மின்திரையோ இருட்டில் புள்ளி விழுந்து, ஒரு கணம் பிந்திக் காட்டும். நேர்மைக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய டியூப் லைட் எரியும் ஸ்டோரில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஒளி விநாடிக்கு நூறு தடவை துடிக்கும். 1/250இல் அடுத்தடுத்து எடுத்தால் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மஞ்சளாகவும் வரும். இரண்டு கமராவுக்கும் அந்தத் துடிப்பைக் கணிக்கத் தெரியாது. 1/100க்கு இறங்கி, கை திரும்பும் கணத்துக்குக் காத்திருப்பது ஒன்றே வழி. அப்போதும் குவியம் தயாராக இருக்க வேண்டும். இன்றைய கைபேசி இதையெல்லாம் செய்யாதா என்றால், இருட்டில் அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது; நிற்கும் சுவருக்கு அது அருமையான வித்தை, ஓடும் கைக்கு அல்ல.

சின்னக் கமரா ஆட்களை மிரட்டாது, அதனால்தான் மனிதரை எடுக்க அது ஏற்றது என்ற வாதம் எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கப்படுவது. நகரத் தெருவில் அதற்கு இடமிருக்கலாம். தோட்டத்தில் இல்லை. அறிமுகமில்லாத ஒருவர் மலைக்குள் கால் வைத்த கணமே அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். கையில் இருப்பது 425 கிராமா ஒரு கிலோவா என்று யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. மேலும், இ-எம்5இன் மடிந்து நிமிரும் திரையை இடுப்பளவில் வைத்துக் குனிந்தபடி எடுக்கலாம். எதிரில் நிற்பவருக்குப் படம் எடுக்கப்படுவதே தெரியாமல் போகலாம். பலர் அதைச் சிறப்பாகச் சொல்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்காமலே படம் எடுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு முன்னால் அதை நான் சிறப்பாக எண்ணவில்லை. டி700ஐ முகத்துக்கு உயர்த்தினால் எடுப்பது எல்லோருக்கும் தெரியும், அதன் சொடுக்கொலி அடுத்த நிரை வரை கேட்கும். “அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?” என்று கேட்காமல் அதைத் தூக்கவே கூச்சம் வரும். அந்தக் கூச்சம் நல்லது.

வாங்குவதாயின் பார்க்க வேண்டியவை வேறு வேறு. நுவரெலியா ஈரத்தில் சில ஆண்டு கிடந்த லென்ஸில் பங்கஸ் பிடிக்காமல் இருந்தால் அதிசயம். திறப்பை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி நூல்போலத் தெரியும். டி700இல் கைப்பிடி ரப்பர் உப்பிக் கழன்றிருக்கும், அதை ஒட்டிக்கொள்ளலாம். அதன் ஷட்டர் 150,000 சொடுக்குக்குச் சோதிக்கப்பட்டது என்பதால் எத்தனை ஓடியிருக்கிறது என்று கேட்பது நல்லது. இ-எம்5இல் மடியும் திரையின் சட்டக மூலையில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பற்றரிக் கணக்கில் டி700 ஒரு தடவை ஏற்றினால் ஆயிரம் படம் போகும். இ-எம்5 முந்நூற்றைச் சற்றுத் தாண்டும். அதே நேரம் இ-எம்5 கேட்கும் எஸ்டி அட்டை எந்த ஊர்க் கடையிலும் உண்டு, டி700இன் சிஎஃப் அட்டையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒலிம்பஸ் தன் கமராத் தொழிலை விற்று 2021 ஜனவரியில் அது ஓஎம் டிஜிட்டல் சொலூஷன்ஸ் ஆகிவிட்டது என்றாலும் பழைய லென்ஸுகள் எல்லாம் இன்னும் பொருந்தும்.

கடைசியாக, யாருக்கு எது என்பது. பிரட்டுக்களத்துக்கும் ஸ்டோரின் உள்ளேயும் வெளியாள் நினைத்தபடி போக முடியாது. தோட்டத்தை நடத்தும் துரையின் அனுமதி வேண்டும். லபுக்கலையிலும் பீட்ரூ தோட்டத்திலும் ஸ்டோரைச் சுற்றிக் காட்டுவார்கள்தான், ஆனால் அது பகலில், பார்வையாளர் நடைபாதையில். ஆகவே மூன்று நாள் பயணிக்குக் கிடைப்பது மலையும் மூட்டமும்தான். அவர் இ-எம்5ஐக் கொண்டுபோகட்டும். டி700 வேண்டியவர் லயத்தில் பிறந்து, விடிகாலையில் எந்தக் கதவையும் தட்டாமலே பிரட்டுக்களத்தில் நிற்கக் கூடியவர். அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாய் ஆன வீட்டில் கமரா என்பது பல வாரக் கூலி. அதனால் அவருக்கு அந்த 900 கிராம் லென்ஸைச் சிபாரிசு செய்வது அநியாயம். டி700இன் உடலிலேயே குவிய மோட்டர் இருப்பதால், மோட்டர் இல்லாத பழைய 35 மி.மீ. எஃப்/2 டி வகை லென்ஸும் அதில் தானாகக் குவியும். அதைப் போட்டு, எஃப்/2.8க்கு ஒரு படி மூடி, ஐஎஸ்ஓ 3200இல் தொடங்கலாம். ஜூன், ஜூலையில் மலைக்குள் போவதானால் மட்டும் ஒரு பொலித்தீன் உறையும் வேண்டும். அந்த லென்ஸுக்கு ரப்பர் அடைப்புக் கிடையாது.